ரஷ்யர் கற்ற இரண்டு தமிழ்ச் சொற்கள்

லண்டன் கூட்டத்துக்கு முதல்முறையாகப் போகும் இளம் அதிகாரிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். எந்த விதிகளைப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்பார்கள். விதிகளை நீங்கள் எப்படியும் படித்துவிடுவீர்கள், என்னைவிட நன்றாகவே படிப்பீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் சம்மதிக்கிறாரா, மறுக்கிறாரா, இரண்டையும் சொல்ல முடியாமல் தவிக்கிறாரா என்று கண்டுகொள்வதுதான் கடினம். நாற்பது வயதுக்கு மேல் எனக்கு அதைப் புரியவைத்தவர் ஒரு ரஷ்யத் தூதர். அவரைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

தேதி போடாமல் நான் எதையும் எழுதுவதில்லை என்பது என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். கப்பலில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. புதிதாக வாங்கிய புத்தகத்தின் முதல் பக்கத்தில், தென்னைக்கு உரம் போட்ட சாக்கில், எதிலும் தேதி எழுதிவிடுவேன். ஆனால் இந்தக் கட்டுரையில் தேதிகள் இல்லை. இதில் வருகிறவர்களில் சிலர் இன்னும் அதே வேலையில் இருக்கிறார்கள். தேதியைச் சொன்னால் ஆளைக் காட்டிக்கொடுத்தது போலாகும். படகோட்டியின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். ரஷ்யருக்குப் பெயரே வேண்டாம். லண்டனில் நாங்கள் எல்லோரும் அவரைத் தலைவர் என்றுதான் அழைத்தோம்.

நான் சித்தூருக்குக் கிழக்கே, பாலக்காட்டு எல்லையில், தமிழ் பேசும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் ஊரிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் கடல் அருகில் இல்லை. எப்படியோ கப்பலுக்குப் போய், கேப்டனாகி, பிறகு அரசின் ஆலோசகராக லண்டனில் நடக்கும் கடல் பாதுகாப்புக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினேன். அங்கே விதிகளின் வாசகத்தைச் சீர்செய்யும் சிறு குழு ஒன்று உண்டு. அந்தக் குழுவுக்குத் தலைவர் அவர். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது என் வேலை.

இளமையில் அவர் வடக்குப் பனிக்கடலில் சரக்குக் கப்பல் அதிகாரியாக இருந்தவர். பிறகு சட்டம் படித்து வெளியுறவுத் துறைக்கு வந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல். கூட்டத்தில் யார் கத்தினாலும் அவர் குரல் இன்னும் கொஞ்சம் இறங்கும். கத்துகிறவர் அதைக் கேட்பதற்காகவே தன் குரலை நிறுத்த வேண்டியிருக்கும். நாடுகளுக்கு இடையே என்ன சண்டை நடந்தாலும் அந்த அறைக்குள் அவர் அதைக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. "மூழ்குகிறவன் கொடியைப் பார்த்துக் கயிற்றைப் பிடிப்பதில்லை" என்று ஒருமுறை சொன்னார். அதைக்கூட மேடையில் சொல்லவில்லை, மாடிப்படியில் இறங்கும்போது சொன்னார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வரைவை எதிர்த்து யார் கடுமையாகப் பேசுகிறாரோ அவரிடம் போய்த் தன் பென்சிலைக் கொடுத்துவிடுவார். "நீங்களே எழுதிப் பாருங்கள்" என்பார். பேனா கொடுக்க மாட்டார். பேனாவால் எழுதியதைத் திருத்தச் சொன்னால் மனிதருக்குக் கௌரவம் குறுக்கே வரும், பென்சில் என்றால் அவரே அழித்துவிடுவார் என்பது அவர் கணக்கு.

ஒரு கூட்டத்தொடரில் பயணிகள் கப்பல் பற்றிய ஒரு வாக்கியம் எங்களைப் படுத்தி எடுத்தது. ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும், உயிர்காப்பு உடுப்பை எப்படி மாட்ட வேண்டும் என்று பயணிகளுக்குச் செய்துகாட்டும் ஒத்திகையைப் பற்றியது. அதை எல்லாப் பயணிகளும் கப்பல் புறப்படும் முன் செய்ய வேண்டும் என்றது வரைவு. புறப்பட்ட பிறகு வசதிப்படும்போது செய்தால் போதும் என்றார் ஒரு நாட்டின் பிரதிநிதி. 'முன்' என்ற ஒரே சொல்லுக்காக ஒரு முழுப் பிற்பகல் போனது. கடைசியில் அந்தப் பிரதிநிதி எழுந்து, இந்த விஷயத்தைத் தொடர்ந்து கவனத்தில் வைத்திருக்கலாம், அடுத்த கூட்டங்களில் பார்க்கலாம் என்று முன்மொழிந்தார். அறையில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் தேநீர் வேண்டியிருந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பாத்துக்கலாம்" என்று தமிழில் முணுமுணுத்தேன்.

தலைவர் திரும்பிப் பார்த்தார். இடைவேளை அறிவித்தார். தேநீர்க் கோப்பையோடு என்னை ஜன்னலோரம் இழுத்துப் போனார்.

"என்ன சொன்னீர்கள், கேப்டன்?"

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அது ஒரு தமிழ்ச் சொல், அந்தப் பிரதிநிதி ஆங்கிலத்தில் நீளமாகச் சொன்னதை எங்கள் ஊரில் ஒரே சொல்லில் சொல்லிவிடுவோம் என்றேன்.

"அதற்கு ஆம் என்று அர்த்தமா?"

"சில நேரம்."

"அப்படியானால் இல்லை என்றும் அர்த்தமா?"

"பல நேரம்." எங்கள் ஊர் உதாரணங்களைச் சொன்னேன். மோட்டார் எப்போது ஓடும் என்று மெக்கானிக்கிடம் கேட்டால் பாத்துக்கலாங்க என்பார், அது அடுத்த வாரம் என்று பொருள். பெண் கேட்டுப் போனால் பெண்ணின் அப்பா பாத்துக்கலாங்க என்பார். அதற்கு மேல் அந்த வீட்டில் காபிக்குக் காத்திருக்கக் கூடாது. "சொல்கிறவருக்கே அந்த நேரத்தில் பதில் தெரியாது, அதனால்தான் அந்தச் சொல்" என்று முடித்தேன்.

சிரித்துக்கொண்டிருந்தவர் அந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினார்.

"இல்லை கேப்டன். அவருக்குப் பதில் தெரியும். சொல்லும் அதிகாரம்தான் அவரிடம் இல்லை. எனக்கும் என் தலைநகரிலிருந்து உத்தரவு வரும், சம்மதிக்காதே, எதிர்க்கவும் செய்யாதே என்று. அன்றைக்கு நானும் உங்கள் ஊர்க்காரன்தான்."

கோப்பையை வைத்துவிட்டு நேராக அந்தப் பிரதிநிதியிடம் போனார். நானும் பின்னால் போனேன். ஏன் எதிர்க்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. "உங்களை அனுப்பியவர்கள் இந்த வாக்கியத்தில் எந்தச் சொல்லைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்?" என்று கேட்டார்.

அந்த மனிதர் முதலில் நம்பாமல் பார்த்தார். பிறகு கொட்டிவிட்டார். அவர்கள் நாட்டுப் பயணிகள் கப்பல்கள் தீவு தீவாக நின்று போகும். ஒவ்வொரு தீவிலும் நாலு பேர் ஏறுவார்கள். நாலு பேருக்காகக் கப்பலில் இருக்கும் அத்தனை பேரையும் எழுப்பி ஒத்திகை செய்தால் கப்பல் எந்தத் தீவையும் தாண்டாது. அவர்கள் பயம் 'முன்' என்ற சொல்லில் இல்லை, 'எல்லாப் பயணிகளும்' என்ற சொல்லில் இருந்தது. ஆனால் மேலிடத்து உத்தரவு 'முன்' என்பதைத் தடு என்று வந்திருந்தது.

தலைவர் பென்சிலை நீட்டினார். 'புதிதாக ஏறிய பயணிகளுக்கு, புறப்படும் முன்' என்று அந்தப் பிரதிநிதியே எழுதினார். இடைவேளை முடிந்ததும் அந்த நாடு அன்போடு வழங்கிய வாசகம் என்று தலைவர் அதைப் படித்தார். ஒருவரும் எதிர்க்கவில்லை. 'முன்' நின்றது. அந்த மாலை யார் ஜெயித்தார் என்று கேட்டிருந்தால் அந்தப் பிரதிநிதி தன் பெயரைத்தான் சொல்லியிருப்பார். அவர் அப்படி நினைப்பதில் தலைவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அதன் பிறகு எந்த நாடாவது எழுந்து, தொடர்ந்து கவனத்தில் வைத்திருப்போம் என்று தொடங்கினால், அவர் என் பக்கம் சாய்ந்து "பாத்துக்-கலாம்" என்று மெதுவாகச் சொல்வார். நடுவில் ஒரு இடத்தில் அழுத்திச் சொல்வதால் அது ரஷ்யச் சொல் போலவே ஒலிக்கும். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு ஒரு வருடம் அவர் எங்கள் ஊருக்கு வந்தார். ஆயுத பூஜை நேரம். கடல் பார்த்துச் சலித்துவிட்டது, மலை காட்டுங்கள் என்றார். மலையோடு ஒரு டேமையும் காட்டலாம், படகில் போகலாம் என்று நான் திட்டம் போட்டேன். என் மனைவிக்குச் சிரிப்பு.

"ஏனுங்க, வருசம் பூராக் கடல்லயே கெடந்த மனுசன். அவரக் கூட்டீட்டுப் போயி டேம் தண்ணியக் காட்டறேங்கறீங்களே. விருந்துக்கு வந்த மெக்கானிக்குக்கு மோட்டாரக் காட்டறாப்புல."

பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாகப் போனோம். பள்ளிவாசல் என்ற ஊருக்கு அப்பால் ஒரு நீர்த்தேக்கம். எது என்று சொல்லப்போவதில்லை. கரைக்குத் தண்ணீர் குடிக்க வரும் யானைகளைப் பார்க்க விடுமுறைக் கூட்டம். இரண்டு தளம் உள்ள ஒரு சுற்றுலாப் படகு துறையில் நின்றிருந்தது. பூஜைக்காக வாழைக்கன்று கட்டி, செவ்வந்தி மாலை தொங்கவிட்டிருந்தார்கள். அதை ஓட்டும் ஸ்ராங்க் இசக்கிமுத்து தேயிலைத் தோட்டக் குடும்பத்துப் பையனாக வளர்ந்தவர். ஃபேக்டரி வேலையை விட்டு, பரீட்சை எழுதிப் படகுக்கு வந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். என்னைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும், மரியாதையாக வந்து பேசினார். பார்வை மட்டும் ரஷ்யர்மேலேயே இருந்தது.

"சார் யாரு சார்?"

"லண்டன்ல எங்களுக்குத் தலைவரா இருந்தவர்."

"தலைவரா? எந்தக் கட்சி சார்?"

"கட்சி இல்லப்பா. கப்பல்."

"நல்ல வேளை. இங்கன ஒரு படகுக்கே மூணு யூனியன் சார். கப்பலுக்கெல்லாம் கட்சி வச்சா தாங்குமா?"

தலைவருக்கு மொழிபெயர்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே உயிர்காப்பு உடுப்பை எடுத்து மாட்டி, எல்லா நாடாவையும் இழுத்துக் கட்டிக்கொண்டார். அந்த உடம்புக்கு அது போதவில்லை. படகில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த உடுப்பை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

கீழ்த்தளத்தில் இடம் இருந்தது. மேல்தளம் நிரம்பி வழிந்தது. மேலே இருந்தவர்களில் பெரும்பாலோர் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரே குடும்பத்துச் சொந்தக்காரர்கள். காய்ச்சல் வந்த பிள்ளையிலிருந்து கைத்தடி வைத்த பெரியவர் வரை எல்லோரும் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைமை, சிவப்புச் சட்டை போட்ட ஒரு தேங்காய் வியாபாரி. கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்று கீழே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க, போட்டு எப்பங்க எடுப்பீங்க? யானையெல்லாம் தண்ணி குடிச்சுப்போட்டுத் தூங்கப் போயிருமுங்க!"

கூட்டம் சிரித்தது. மேற்கே மலைக்குப் பின்னால் மேகம் கறுத்திருந்தது. படகின் பாரம் மேலே கூடக் கூட, சாய்ந்தால் நிமிரும் வலு அதற்குக் குறையும். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இசக்கியிடம் கேட்டேன்.

"மேல கொஞ்சம் அதிகமா இருக்காங்களேப்பா?"

"காத்து வாங்கப் போயிருக்காங்க சார். கீழ எடம் கிடக்கு. பாத்துக்கிடலாம் சார்."

சரி, அனுபவப்பட்ட ஸ்ராங்க், பார்த்துக்கொள்வார் என்று நான் ஏறப் போனேன். தலைவர் என் முழங்கையைத் தொட்டார்.

"கேப்டன், அவர் நம் சொல்லைச் சொன்னார்."

"எந்தச் சொல்?"

"கொஞ்சம் மாறியிருந்தது. நடுவில் ஏதோ ஒன்று கூடுதலாக இருந்தது. ஆனால் அதே சொல்தான்."

பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்கிறவன் நான். அதனால்தான் அது என் காதில் விழவே இல்லை. தமிழ் தெரியாத அவர் காதில் அது ஒன்று மட்டுமே விழுந்திருந்தது.

"பாதுகாப்பா என்று அவரிடம் கேட்காதீர்கள். யார் தடுக்கிறார்கள் என்று கேளுங்கள்."

இசக்கியை இஞ்சின் பக்கம் கூட்டிப் போய்க் கேட்டேன். அவர் துறையில் இருந்த டிக்கெட் கவுண்டரை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கான்ட்ராக்டர் சொல்லுதாரு சார். காலைலேருந்து மழைன்னு ட்ரிப்பே சரியாப் போகல. ஏறுன ஆளை எறக்குனா நாளைலேருந்து வேற ஸ்ராங்க் வச்சிக்கிடுதேன்னுட்டாரு. எம் பொண்டாட்டிக்கு எஸ்டேட்ல வேலை நின்னு போச்சு சார். இந்தப் படகுதான் இருக்கு." மேற்கே தலையசைத்தார். "எனக்கும் தெரியும் சார். அந்தக் கறுப்பு எறங்குனா காத்து சுழட்டும். மேல இவ்வளவு பேரு இருந்தா…"

தலைவரிடம் சொன்னேன். அத்தனை வருடம் கப்பலில் உத்தரவு போட்ட ரத்தம் எனக்கு. "நான் மேலே போய் எல்லோரையும் இறங்கச் சொல்கிறேன்" என்றேன்.

"சொன்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுவார்கள்," என்றார் அவர். "படிக்கட்டு ஒரே பக்கம் இருக்கிறது. துறையிலேயே படகு சாயும். அதோடு, வெளியாட்கள் வந்து ஸ்ராங்கை மிரட்டி ஆளை இறக்கினார்கள் என்று கான்ட்ராக்டருக்குச் செய்தி போகும். பயணிகள் தப்பிப்பார்கள். இவர் வேலை போய்விடும்." மேல்தளத்தைப் பார்த்தார். "அதிகமாகச் சத்தம் போடுகிறவர் யார்?"

சிவப்புச் சட்டையைக் காட்டினேன். அவர் படியேறினார். நான் மொழிபெயர்ப்பாளனாகப் பின்னால் போனேன்.

நெரிசலில் ஒரு இடம் கேட்டு, வியாபாரியின் பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்ததும் சுற்றி இருந்தவர்கள் அமைதியானார்கள். இவர்களெல்லாம் உங்கள் ஆட்களா என்று கேட்டார்.

"எல்லாம் நம்ம ஊட்டுச் சனந்தானுங்க. அது அக்கா, இது அக்கா மருமவ, அந்தப் பெரியவரு மாமனாருங்க. எங்க போனாலும் இப்படித்தானுங்க, ஒரு கல்யாணத்துக்கு ஆவறாப்பல."

"இவர்களில் நீந்தத் தெரிந்தவர்கள் யார்?"

வியாபாரி உற்சாகமாகத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். உற்சாகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"நானு கெணத்துல நீந்துவனுங்க. மத்தவீங்க…"

"ஏதாவது என்றால் இவர்கள் யாரைப் பார்ப்பார்கள்?"

"என்னையத்தானுங்க."

தலைவர் தன் உடுப்பில் கட்டியிருந்த விசிலை அவிழ்த்தார். அதை வியாபாரியின் கையில் வைத்தார். "அப்படியானால் மேல்தளத்துக்கு நீங்கள்தான் அதிகாரி. என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள்."

அந்த நேரத்தில் எனக்கு லண்டன் அறையும் பென்சிலும் நினைவுக்கு வந்தன. வியாபாரி விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேற்கே பார்த்தார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மேல எத்தன பேருங்க இருக்கலாம்?"

ஒரு போர்டை மறைத்துத் தொங்கிய செவ்வந்தி மாலையைக் காட்டினேன். அவர் எட்டி அதை ஒதுக்கினார். மேல்தளத்துக்கு எத்தனை பேர் என்று அதில் எழுதியிருந்தது. படித்தார்.

"அட சாமி!"

விசில் அடித்தார். எனக்கே காது அடைத்தது.

"எல்லாரும் கேளுங்க! யாரும் எந்திரிக்கக் கூடாது. நாஞ் சொல்றவீங்க மட்டும் எந்திரிங்க. குஞ்சு குளுவானெல்லாம் மொதல்ல. அப்பறம் பொம்பளைங்க. ஒவ்வொருத்தரா, கம்பியப் புடிச்சு."

"ஊதறதப் பாரு," என்றார் அக்கா. "டவுன் பஸ்ஸு கண்டக்டராட்ட."

"நீ மொதல்ல எறங்குக்கா. அப்பறம் பேசு. அதென்ன அடியில போட்டு உக்காந்திருக்கற? மெத்தையா அது? எடுத்து மாட்டு."

கீழ்த்தளம் நிரம்பியதும் மிச்சமிருந்த இளைஞர்களைத் துறையில் இறக்கிவிட்டார். அவர்கள் முகம் தொங்கியது. "அடுத்த ட்ரிப்புல வாங்கடா. யானைகிட்டச் சொல்லி வெக்கறேன்" என்றார். அப்போது இசக்கியைப் பார்த்தேன். சக்கரத்தின் பின்னால் நின்றபடி நடப்பதை நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார். படகு தாமதமாகப் புறப்பட்டது. ஏறிய ஒவ்வொருவர் உடம்பிலும் உடுப்பு இருந்தது. புறப்படும் முன்.

நீர்த்தேக்கத்தின் நடுவுக்கு வந்தபோது இடது கரையில் யானைகள் தெரிந்தன. ஒரு குட்டியும் இருந்தது. யாரோ "குட்டி!" என்று கத்தினார்கள். அதே நேரத்தில் மலையிலிருந்து காற்று இறங்கியது. படகில் பாதிப் பேர் எழுந்து இடது பக்கம் போனார்கள். படகு சாய்ந்தது. ஜன்னல் விளிம்புக்குத் தண்ணீர் வந்து, ஒரு பெண்ணின் மடியில் தெறித்தது.

விசில் சத்தம் வந்தது. "உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க! யானை எங்கியும் போவாது!" வியாபாரியின் குரல் காற்றை மீறிக் கேட்டது. அவர் சொல்லுக்குப் பழகிய சனம் அப்படியே உட்கார்ந்தது. இசக்கி வேகத்தைக் குறைத்துப் படகின் முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பினார். அவசரப்படாத, அருமையான கை. படகு ஒரு கணம் யோசித்தது போல நின்று, நிமிர்ந்தது.

மேல்தளத்தில் அந்தக் கூட்டம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதப்போவதில்லை. பழைய விபத்து விசாரணைகளைக் கதை போலப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. எல்லாவற்றிலும் ஒரு பக்கம் இப்படித்தான் தொடங்கும்.

துறைக்குத் திரும்பியபோது அடுத்த கூட்டம் வரிசையில் நின்றிருந்தது. இசக்கியின் கைபேசி அடித்தது. கான்ட்ராக்டர். அவர் பேசியது தள்ளி நின்ற எங்களுக்கே கேட்டது. ஆளை இறக்கியது யார், எவனைக் கேட்டு இறக்கினாய் என்று மலையாளத்தில் சத்தம் போட்டார். இந்த ட்ரிப்பில் வரிசையில் நிற்கும் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போ என்றார்.

இசக்கி வரிசையைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார். அந்தச் சொல் அவர் உதட்டில் வந்து நின்றதை நான் பார்த்தேன் என்றே சொல்வேன்.

"போர்டுல உள்ள ஆளைத்தான் ஏத்துவேன் சார். கூட ஏத்த மாட்டேன்."

மறுமுனையில் சத்தம் இரட்டிப்பாக வந்தது.

"மாட்டேன் சார்," என்றார் இசக்கி மறுபடி.

சிவப்புச் சட்டை முன்னால் வந்தது. "அந்த போனக் குடு கண்ணு." வாங்கிக் காதில் வைத்தார். "ஏனுங்க மொதலாளி, வணக்கமுங்க. நானுங்க, பொள்ளாச்சிக்காரன். எங்க ஊட்டுச் சனத்த எறக்குனது நானுங்க. இந்தத் தம்பி இல்லீங்க. போர்டப் படிச்சேன், எறக்குனேன். தம்பி மட்டும் இல்லீனா இன்னிக்கு உங்க போட்டு தண்ணிக்கு அடியில, நீங்க டேசன்ல. அடுத்த பூசைக்கும் வருவமுங்க. இவரு ஓட்டுனா இங்க வருவம். இல்லீனா வேற டேமுக்குப் போறம். வெச்சிரட்டுங்களா?"

வைத்துவிட்டார். விசிலைத் தலைவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அக்கா நாலு தடவை நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

இசக்கிமுத்து இன்றும் அதே படகில்தான் இருக்கிறார். அதற்குப் பிறகு இன்னொரு பூஜை நேரத்தில் நான் அங்கே போனேன். பூஜை மாலையைக் கொஞ்சம் இறக்கிக் கட்டியிருந்தார்கள். போர்டு வெயிலில் நன்றாகத் தெரிந்தது.

உங்களுக்கு ஒன்று சொல்வேன். லண்டனில் ஆகட்டும், ஒரு டேம் துறையில் ஆகட்டும், எதிரே இருப்பவர் பாத்துக்கலாம் என்றால் அவரை அலட்சியக்காரர் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அவர் கையை யாரோ பிடித்திருக்கலாம். அது யார் கை என்று முதலில் கேளுங்கள். தலைவர் தன் பணிக்காலம் முழுவதும் அதைக் கேட்டார். விதிப் புத்தகத்தில் அவர் பெயர் எங்கும் இல்லை. அவர் கேட்டதால் நின்ற சொற்கள் இருக்கின்றன.

அன்று துறையோரக் கடையில் தேநீர் குடிக்கும்போது அவர் இசக்கியைக் காட்டி என்னிடம் கேட்டார். "போனில் கடைசியாக ஒரு சொல்லை இரண்டு முறை சொன்னாரே, அது என்ன?"

சொன்னேன். பொருளையும் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தார்.

"மாத்தேன்."

இசக்கி சிரித்துவிட்டார். "மாத்தேன் இல்ல சார். நாக்கை மேல மடக்கணும். மாட்டேன்."

தலைவர் மறுபடி முயன்றார். வரவில்லை. இன்னொரு முறை முயன்றார். நாக்கு மடங்க மறுத்தது. கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். கடைசியில் ஏதோ ஒரு மாதிரி வந்தது.

"கஷ்டமா இருக்கா சார்னு கேளுங்க," என்றார் இசக்கி என்னிடம்.

கேட்டேன். மிகவும் கஷ்டம், முதல் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது என்றார் அவர். அதைத் தமிழில் சொன்னேன்.

இசக்கி தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"எனக்கும் அப்படித்தான் சார்."